எங்க வலிக்குது

இல்ல ரைட்டர் சார், கம்ப்ளெய்ன்ட் குடுக்க வர்ல. எங்க வீட்ல எதுவும் திருடு போகல. பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன் விஷயமா வந்தேன். பொண்ணு பேரு கவிப்ரியா. நான் அவ அம்மா, அம்சவேணி. ஷூ கம்பெனில ஸ்டிச்சிங் செக்ஷன், இருவது வருஷம். அரை நாள் லீவு கேட்டதுக்கே சூப்பர்வைசர் மூஞ்சி சரியில்ல. நீங்க எழுதறத எழுதுங்க சார், நான் பாட்டுக்குச் சொல்லிகினு இருக்கேன்.

ஆமா சார், செவ்வாக்கெழம உங்க ஸ்டேஷன் வேலு சார் விசாரிக்க வீட்டுக்கு வந்தாரு. அந்தப் பேர்ல யாரும் இல்ல, காலி பண்ணிகினு திமிரி பக்கம் போய்ட்டாங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நாங்க எங்கயும் போகல சார். பன்னெண்டு வருஷமா அதே வீடு. கரன்ட் பில்லு கொண்டாந்திருக்கேன், பாருங்க.

பொண்ணா? நர்ஸு. வேலூர்ல ஆஸ்பத்திரி, எமர்ஜென்சி வார்டு, ஆறு வருஷமா. டூட்டி நேரத்துல செல்போன லாக்கர்ல வெச்சிடுவா, அதான் வேலு சார் கூப்ட்டப்ப எடுக்கல.

துபாய் இல்ல சார், எல்லாரும் அதையே கேக்கறாங்க. சண்ட நடக்கற ஊரு, காலரா வந்த ஊருன்னு பாத்து டாக்டர், நர்ஸுங்கள அனுப்பற அமைப்பு ஒண்ணு. அதுல செலெக்ட் ஆயிட்டா. ஆப்பிரிக்கால அகதிங்க முகாம், ஒம்பது மாசம். ஊர்ப் பேரு என் வாய்ல நுழைய மாட்டேங்குது. ஆஸ்பத்திரியே கூடாரமாம். ஃபேனாவது இருக்குமாடின்னு கேட்டேன், மொறச்சா. பதினஞ்சு கிலோவுக்கு மேல எடுத்துகினு போகக்கூடாதாம். கம்பெனில செகண்ட்ஸ் ஷூ ஒரு ஜோடி, சின்னக் கீறல்தான், வாங்கியாந்து பையில வெச்சேன். எடுத்து வெளிய வெச்சிட்டா. அங்க சேறு ஜாஸ்தியாம், ரப்பர் பூட்ஸ் அவங்களே தருவாங்களாம். இருவது வருஷம் ஷூ தெச்சவ பொண்ணுக்கு ரப்பர் பூட்ஸு. இன்னா சொல்றது.

ஒரே பொண்ணுதான். அவங்கப்பா தவறிப்போய் ஒம்பது வருஷம் ஆச்சு. வீட்ல நாங்க ரெண்டே பேரு. பயமா? இல்லாம இருக்குமா சார். டிவில ஏதோ முகாம் மேல குண்டு போட்டதக் காட்னாங்க. அன்னிக்கி எனக்குச் சோறு எறங்கல. அவ ரெண்டாவது தரம் கொழம்பு ஊத்திச் சாப்ட்டா.

அந்த ஊர்ல பிரெஞ்சு பேசுவாங்களாம். போன்ல பாத்துக் கத்துக்கறா. பேசிப் பழக ஆளு வேணுமில்ல, என்னையே நோயாளியாக்கிட்டா. காலைல கம்பெனி பஸ்ஸுக்கு நான் அவசர அவசரமா கெளம்பறப்ப முன்னாடி வந்து நிப்பா. ஊ அவே வூ மால்? அப்டின்னா எங்க வலிக்குதுன்னு அர்த்தம். நான் வாயத் தொறக்கக்கூடாது, கையால காட்டணும். பேஜார் சார். மொதல்ல வெளையாட்டுக்கு வயித்தக் காட்டினேன், பல்லக் காட்டினேன். ஒரு நாளு நெஜமாவே கழுத்தக் காட்டினேன். மெஷின் மேலயே குனிஞ்சு கெடந்த கழுத்து சார். எனக்கு எங்க வலிக்குதுன்னு அதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. பஸ்ஸு போனா போவுதுன்னு உக்கார வெச்சித் தைலம் தேச்சி உட்டா. பிரெஞ்சுலயே ஏதோ திட்டிகினே.

இப்போ கேக்கறதில்ல. வேலு சாருக்குத் திருப்பிக் கூப்ட்டு, வீட்ல ஆளில்லன்னு எழுதியாச்சுன்னு தெரிஞ்சதிலேர்ந்து நிறுத்திட்டா. அழல, கத்தல. டூட்டிக்குப் போறா, வர்றா. கட்டி வெச்ச பையப் பிரிக்காம கட்டிலுக்கு அடியில தள்ளிட்டா. இருவதாந்தேதிக்குள்ள பாஸ்போர்ட் நம்பர் அனுப்பலன்னா அந்த எடத்துக்கு வேற நர்ஸ போட்டுடுவாங்களாம். எந்தப் பாவி அப்டிச் சொன்னதுன்னு ஒரே ஒரு தரம் கேட்டா. பக்கத்து வீட்டு ஆஃப்ரீனா இருக்கும்னு சந்தேகப்பட்டு அந்தப் பொண்ணுகிட்ட பேச்சையே நிறுத்திட்டா. சின்ன வயசுலேர்ந்து தோஸ்த்துங்க சார் ரெண்டும். நேத்து ஆஃப்ரீன் பிரியாணி கொண்டாந்தா, இவ டப்பாவத் தொறக்கவே இல்ல.

ரிப்போர்ட் இன்னும் போகலயா? அப்பாடா. அது போதும் சார்.

வேலு சாரு வண்டியா அது? வரட்டும். எப்டியும் என்னப் பாத்ததும் அவரு கண்டுபுடிச்சிடுவாரு. செவ்வாக்கெழம காய்ச்சல்னு நான் வீட்லதான் இருந்தேன். கதவத் தொறந்து, காலி பண்ணிகினு போய்ட்டாங்கன்னு சொன்னது நான்தான். பெத்த மனசு பித்து சார், வாய்ல அதுவா வந்துடுச்சி. வெயில்ல வந்திருக்காரேன்னு குடிக்கத் தண்ணி கூடக் குடுத்தேன் அவருக்கு.

கேஸு போடறதுன்னா போடுங்க. மொதல்ல அந்த ரிப்போர்ட்ட மாத்துங்க. எங்க கையெழுத்துப் போடணும்?