முட்டை நாள்

தனியாக இருப்பவர்கள் பருப்பை முதல்நாளே ஊறவைத்துவிட வேண்டும். பாதி நேரத்தில் வெந்துவிடும், காஸ் மிச்சமாகும். தேயிலைத் தூளை ஒருமுறை கொதிக்கவைத்துவிட்டு எறியக் கூடாது; வெயிலில் காயவைத்தால் இன்னொரு முறை சாயம் இறங்கும். தேயிலை மலைக்கு நடுவில் இருந்துகொண்டு நான் இதைச் செய்தேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிக்கனம் நற்பண்பு என்று தரம் ஐந்துக்கு நானே கற்பித்திருக்கிறேன்.

விசாரணை அதிகாரியாகிய நீங்கள் கேட்டது பிள்ளைகளின் வரவு இடாப்பைப் பற்றி மட்டும்தான். இடாப்பைத் தனியாக விளக்க முடியாது. என் மாதத்தையும் சேர்த்து விளக்க வேண்டும்.

நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடம். தரம் ஐந்து வரை, முப்பத்தொரு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். நான் பதில் அதிபர். மற்றவர் ரஜீவ், பதுளையிலிருந்து பஸ்ஸில் வருவார், பயிற்சி வகுப்பு என்று பாதி நாள் வரமாட்டார். நான் பள்ளிக்கூடத்தை ஒட்டிய குவார்ட்டஸில் இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. மோட்டார் சைக்கிளுக்கும், பண்டாரவளையில் வாங்கிப் போட்ட காணிக்கும் கடன் வெட்டியது போக வருகிற சம்பளத்தில் இன்னொரு ஆளுக்கு இடமில்லை. அந்தக் காணியில் இதுவரை புல் நன்றாக வளர்ந்திருக்கிறது.

என் மாதம் இருபதாம் திகதி பிறக்கும். அடுத்த பத்தாம் திகதி முடிந்துவிடும். மிச்சப் பத்து நாளுக்கு மாதம் கிடையாது. தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதி. என் அரிசி முடிகிற அன்றைக்குக் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கோழி வேகும். வாசம் மேட்டுக்கு ஏறி என் ஜன்னலுக்கு வரும். படித்தவன் மேலே, படிக்காதவன் கீழே, குழம்பும் கீழே. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சந்திக் கடை ஷுக்ரி நானாவும் இதைக் கவனித்திருந்தார்.

"என்ன மாஸ்டர், கால் றாத்தல் பாணா? நோன்பு எங்களுக்கா, ஒங்களுக்கா?"

"உடம்பைக் குறைக்கிறேன்" என்றேன்.

"எங்கட நோன்பு அந்திக்கு மஃரிபோட தொறக்கும். ஒங்கட நோன்பு இருவதாந் திகதிதான் தொறக்கும் போல."

கடையில் நின்ற நான்கு பேர் சிரித்தார்கள். அவர்களில் இருவருடைய பிள்ளைகள் என்னிடம் படிக்கின்றன. ஒரு அதிபர் இப்படிச் சிரிக்கப்படுவது கல்விக்கு நல்லதல்ல.

பிள்ளைகளுக்கு இடைவேளையில் சோறு உண்டு. சமைப்பது இராக்கம்மா. கீழ் லயத்தில் தன் வீட்டிலேயே சமைத்துத் தலையில் சுமந்து வருவாள். காலையில் எத்தனை பிள்ளை என்று நான் துண்டு எழுதி அனுப்புவேன். அந்த எண்ணிக்கைக்குத்தான் அவள் அரிசி போடுவாள். வியாழக்கிழமை ஆளுக்கு ஒரு அவித்த முட்டை. முதல் தட்டு எனக்கு, ருசி பார்ப்பதற்கு.

"உப்புப் பாருங்க சேர்."

"சரியா இருக்கு."

"தட்டோட அடியில மட்டும் உப்பு வேறயா இருக்குமா சேர்? கடைசி வரைக்கும் பாத்துட்டீங்களே."

இராக்கம்மாவுக்கு வாய் அதிகம். ஆனால் கை சுத்தம்.

பகல் சாப்பாடு அப்படிப் போயிற்று. இரவுக்கும் மறுநாள் காலைக்கும்தான் வழியில்லை. இல்லாத பிள்ளைகளைத் துண்டில் கூட்டி எழுதலாம் என்று சிலர் நினைப்பார்கள். அது மோசடி. நான் அதை ஒருநாளும் செய்யவில்லை. நான் எழுதிய ஒவ்வொரு பிள்ளையும் எழுதுகிற நேரத்தில் என் முன்னால் நின்றது.

நான் செய்தது இரண்டு வேலைகளின் வரிசையை மாற்றியது. முன்பு காலைக் கூட்டத்தில் முதலில் சுத்தப் பரிசோதனை நடக்கும். நகம், தலை, சப்பாத்து. சரியில்லாத பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டு, மிஞ்சியவர்களை எண்ணித் துண்டு போகும். நான் முதலில் இடாப்பு, உடனே துண்டு, அதற்குப் பிறகு பரிசோதனை என்று ஆக்கினேன். அவ்வளவுதான். ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளைகள். முட்டை நாளில் மூன்று.

பத்தாம் திகதிக்குப் பிறகு என் கண்ணுக்கு அழுக்கு நன்றாகத் தெரியும். இருபதுக்குப் பிறகு யாருடைய நகத்திலாவது அழுக்கைக் கண்டதாக எனக்கு நினைவில்லை. இதைப் பார்த்து என்னைத் தவறாக நினைக்கலாம். ஆனால் இரண்டு வருடத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தின் நகங்கள் வலயத்திலேயே சுத்தமானவை. போன வருடம் பரிசோதிக்க வந்த அதிகாரி என்னைப் பாராட்டிப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார். பார்த்துக்கொள்ளலாம்.

பெற்றோர் யாரும் வந்து கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவன்தான். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு எல்லாரும் மலைக்கு ஏறிய பிறகு, லயத்தில் எல்லாக் கதவிலும் பூட்டுத் தொங்கும். பிள்ளை திரும்பி வந்தது தெரிந்தால் அம்மா மலையை விட்டு இறங்க வேண்டும். இறங்கினால் அன்றைக்கு முழுப் பேர் விழாது, அரைநாள் கூலிதான். இது பிள்ளைகளுக்கு எழுதப் பழகுமுன்பே தெரியும். ஆகவே திருப்பி அனுப்பிய பிள்ளை வீட்டுக்கும் போகாது, மலைக்கும் போகாது. பள்ளி விடும்வரை எங்காவது ஒளிந்திருக்கும். பிறகு மற்றவர்களோடு சேர்ந்துகொண்டு, சோறு தின்ற முகத்தோடு வீட்டுக்குப் போகும். வீட்டில் ஒன்றும் சொல்லாது. இவ்வளவு பொறுப்பான பிள்ளைகளை நகரத்துப் பள்ளிகளில் காண முடியாது.

எங்கே ஒளியும் என்பதும் எனக்குத் தெரியும். ரோட்டு வளைவில் பழைய கொழுந்து மடுவம் இருக்கிறது. முன்பு கொழுந்தை எடைபோட்ட இடம். பின்புறத்து மண்மேடு வெடித்ததும் தோட்டம் அதைக் கைவிட்டு, அபாயம் என்று மஞ்சள் பலகை நட்டது. என் குசினி ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே சிறிய கால்கள் தெரியும். ஒரு நல்ல ஆசிரியருக்குத் தன் மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். மடுவத்துப் பக்கம் போகக் கூடாது என்று கூட்டத்தில் இரண்டு முறை எச்சரித்துமிருக்கிறேன்.

அன்று நவம்பர் இருபது, வியாழக்கிழமை. மூன்று நாளாக மழை. சம்பள நாள்தான், ஆனால் எத்தனை மணிக்கு வரும் என்று வங்கி சொல்வதில்லை. சிக்கனமானவன் வராத பணத்தை நம்பக் கூடாது. ரஜீவ் வரவில்லை. மழையிலும் இருபத்தெட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள், முட்டைக்காகத்தான். துண்டில் இருபத்தெட்டு என்று எழுதி அனுப்பினேன். பிறகு பரிசோதனையைத் தொடங்கினேன்.

திருப்பி அனுப்பிய முதல் இரண்டு பேர் அண்ணன் தம்பி. காலில் அடிபட்ட அப்பா வீட்டில் இருந்ததால் அவர்கள் நேரே வீட்டுக்குப் போனார்கள். மூன்றாவது யசோதினி. தரம் நான்கு. மாரிசாமியின் மகள். தலை வாரியிருந்தாள். நகம் வெட்டியிருந்தாள். சப்பாத்து கழுவியிருந்தது.

"சேர், இன்னைக்கு முட்டைதானே?"

"கையைக் காட்டு."

விரல் நுனிகள் கறுத்திருந்தன.

"கொழுந்துக் கறை சேர். ஞாயித்துக்கெழம அம்மாவோட எடுத்தேன். சாம்பல் போட்டும் தேச்சேன், போகல."

கொழுந்துக் கறை தேய்த்தால் போகாது. எனக்குத் தெரியும். என் அம்மாவின் விரலில் அது கடைசிவரை இருந்தது. ஆனால் விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான். எனக்குத் தெரிந்தவை எல்லாவற்றையும் வைத்துப் பள்ளிக்கூடம் நடத்த முடியாது.

"சேர், இன்டர்வெலுக்கு மட்டும் வரட்டா?"

"நாளைக்குச் சுத்தமா வா" என்றேன்.

அவள் உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனாள். கோபமாக நான் எதுவும் பேசவில்லை. நான் பிள்ளைகளை அடித்ததும் கிடையாது.

ஒன்பதரை மணிக்கு, லொறியிலிருந்து கல் கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. குவார்ட்டஸுக்குப் போய்க் குசினி ஜன்னலில் பார்த்தேன். தகரக் கூரை இருந்த இடத்தில் சிவப்பு மண் இருந்தது. பாதி மண் ரோட்டுக்கு வந்திருந்தது. நான் வகுப்புக்குத் திரும்பி வாய்ப்பாட்டைத் தொடர்ந்தேன்.

சிறிது நேரத்தில் மலையிலிருந்து ஐந்து ஆண்கள் மண்வெட்டியோடு இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தது மாரிசாமி. நான் கதவடிக்குப் போனேன்.

"மாஸ்டர், மடுவத்து மேல மண்ணு வந்துருச்சு. புள்ளைக எல்லாம் உள்ளதானே இருக்கு?"

"எல்லாரும் இருக்காங்க."

"எங்க யசோதினி?"

நான் இடாப்பைத் திறந்து, அவள் பெயருக்கு நேரே விரலை வைத்துக் காட்டினேன். வந்ததற்கான கோடு இருந்தது. அது பொய்யில்லை. அவள் வந்திருந்தாள்.

"உள்ள வந்து பாக்குறீங்களா?" என்றும் கேட்டேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

"ஐயோ வேணாம் மாஸ்டர், காலெல்லாம் சேறு" என்றார். அவருக்கு ஒழுக்கம் தெரியும். போகும்போது சிரித்தார். "நேத்துல இருந்து முட்ட முட்டன்னு ஒரே பாட்டு. ரெண்டு குடுத்துறாதீங்க, பழகிக்குவா."

பின்னால் நின்றவர், "அப்ப மடுவத்துல ஆளில்ல. தோட்டத்துத் தொர சொன்ன மாதிரி ரோட்டைத் தொறப்போம்" என்றார். அவர்கள் ரோட்டுக்குப் போனார்கள். மண்ணை வெட்டிப் பள்ளத்தில் தள்ளினார்கள். மடுவத்துப் பக்கம் யாரும் மண்வெட்டி போடவில்லை.

நான் திரும்பியபோது இரண்டாவது வரிசை வாங்கில் ஒரு சின்னப் பெண் எழுந்து நின்றிருந்தாள்.

"சேர், யசோதினி அக்கா அங்கதான்..."

"கேக்காமப் பேசக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு வகுப்பு மிக அமைதியாக இருந்தது.

நீங்கள் கேட்கலாம், அந்த இடத்திலேயே மாரிசாமியிடம் சொல்லியிருக்கலாமே என்று. சொல்லியிருந்தால் ஏன் அனுப்பினேன் என்று கேட்பார். கையில் கறை என்பேன். அப்படியென்றால் துண்டில் ஏன் இருபத்தெட்டு என்று இராக்கம்மா கேட்பாள். அதை விளக்க நேரம் எடுக்கும். அவர்களோ அவசரத்தில் இருந்தார்கள். மேலும் அவள் மடுவத்தில்தான் இருந்தாள் என்று நான் கண்ணால் பார்க்கவில்லை. மழைக்கு வேறெங்காவது ஒதுங்கியிருக்கலாம். நல்லதையே நினைப்பது என் சுபாவம்.

இடைவேளைக்கு இராக்கம்மா ரோட்டைச் சுற்றிக்கொண்டு சட்டியோடு வந்து பரிமாறினாள்.

"மூனு மிச்சம் சேர். யாரு வரல?"

"மூனு பேருக்குக் காய்ச்சல். அனுப்பிட்டேன்."

"துண்டு எழுதுன பொறகு வந்த காய்ச்சலா சேர்? ஒவ்வொரு மாசமும் இந்தக் காய்ச்சல் ஒங்க சம்பளத்துக்குத்தான் கொறையுது."

மூன்று தட்டையும் வாங்கிக்கொண்டேன். வேலையாட்களிடம் அளவோடு பேச வேண்டும்.

ஒன்றரைக்குப் பள்ளி விட்டது. இரண்டு மணிக்கு மேல் யசோதினியின் அம்மா கொழுந்துக் கூடையை இறக்காமலே வந்தாள். மற்றப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், அவளை மட்டும் காணவில்லை என்றாள். அவள் போய்விட்டாளே என்றேன். இதுவும் பொய்யில்லை. எத்தனை மணிக்குப் போனாள் என்று நான் சொல்லவில்லை, அம்மா கேட்கவுமில்லை. அவர்கள் பள்ளிப் பாதையிலும் ஓடையிலும் தேடினார்கள். கடைசியில் இரண்டாவது வாங்குப் பெண் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். நாலரைக்குத்தான் மடுவத்தைத் தோண்டினார்கள். மாரிசாமி மண்வெட்டியை எறிந்துவிட்டுக் கையால் தோண்டினார் என்றார்கள்.

தகரம் ஒரு பக்கம் சாய்ந்து, அவளுக்கு மேலே கூடாரம் போல நின்றிருந்ததாம். உடம்பில் பெரிய காயம் இல்லையாம். பகல் ஒரு மணி வரையாவது உயிர் இருந்திருக்கும் என்று பிரேத பரிசோதனையில் சொன்னதாக நீங்கள் அனுப்பிய கடிதத்தில் இருந்தது. மண் வந்தது ஒன்பதரைக்கு. அதற்கு நான் பொறுப்பல்ல. மழையை நான் பெய்யவைக்கவில்லை. ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை உள்ள நேரத்தைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. அந்த நேரம் அவள் எங்கே இருந்தாள் என்று தெரிந்த ஒரே பெரிய ஆள் நான்தான். எழுதித் தருகிறேன். கையெழுத்தும் போடுகிறேன்.

இன்னொன்று. நீங்கள் இதைக் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். என்னைக் கல்நெஞ்சன் என்று தோட்டத்தில் பேசிக்கொள்கிறார்கள். மிஞ்சிய மூன்று தட்டில் இரண்டை இரவுக்கும் காலைக்கும் மூடிவைத்தேன். அவளுடைய தட்டில் சோற்றை மட்டும்தான் சாப்பிட்டேன். முட்டையைத் தொடவில்லை. கோப்பையில் போட்டு, ஈ மொய்க்காமல் மூடி, மேசையில் வைத்தேன். இடைவேளைக்கு வரட்டா என்று கேட்டிருந்தாளே. வந்தால் கொடுக்கலாம் என்று நினைத்தேன். கல்நெஞ்சன் அப்படி நினைப்பானா?

மூன்று மணி வரை வைத்திருந்தேன். வரவில்லை. முட்டையை வீணாக்குவது பாவம், உரித்துச் சாப்பிட்டேன். அப்போது சம்பளம் வந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது.