இரும்பு ஊசியும் இன்னொருத்தியும்

விளக்கு வைக்கிற நேரம்... இந்த ஊரில் இடவப்பாதி என்கிற பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அன்றைக்கு பந்த். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் ஒரு குடோன்கூடத் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் பூட்டிய மரக்கதவுகள், நடுவில் நனைந்த தெரு, சுக்கு வாசனை. அந்தத் தெருவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி தனியாக நடந்து வந்தாள்.

மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் இப்படித் தள்ளு. கரண்ட் வருகிறபோது வரட்டும். சிரிக்கிறவன் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளட்டும். நடுவில் சிரித்தால் நான் பாயை விரித்துப் படுத்துவிடுவேன்.

இது என் கூட்டாளி அழகருடைய தங்கைக்கு நடந்தது. ஒச்சம்மாள் என்று பேர், உசிலம்பட்டிப் பக்கம். புருஷன் செல்லப்பா இதே கடைத்தெருவில் கைவண்டி இழுத்தவன். வருஷம் எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ இருக்கும். இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவதாக உண்டாகியிருந்தாள். டாக்டர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ரத்தமே இல்லை, இப்படியே போனால் பிரசவத்தில் தாயும் மிஞ்சமாட்டாள், பிள்ளையும் மிஞ்சாது என்று சொல்லிவிட்டார். மாத்திரை கொடுத்தால் வாந்தி. சரி, இரும்புச் சத்தை ஊசியில் ஏற்றலாம் என்று முடிவாயிற்று.

ஊசி போடுகிறவர் திரேசியா சிஸ்டர். தெருமுனையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் மத்தியானத்தோடு போய்விடுவார், சாயங்காலம் சிஸ்டர் மட்டும்தான். மருந்து கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். இடுப்புக்குக் கீழே தோலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து ஆழமாகக் குத்துவார். அப்படிப் பிடிக்காவிட்டால் மருந்து கசிந்து தோலில் கறை விழுந்துவிடும், லேசில் போகாது. வாயில் இரும்பு ருசி வரலாம், காய்ச்சல் வரலாம், மூட்டு வலிக்கலாம், அதற்கெல்லாம் பயப்படாதே என்பார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. ஊசி போட்டதும் பெஞ்சில் அரை மணி உட்கார வேண்டும். அபூர்வமாகச் சிலருக்கு உடம்பு அரிக்கும், தொண்டை அடைக்கும், மூச்சு திணறும். பக்கத்தில் இருந்தால் மாற்று ஊசி போட்டுக் காப்பாற்றலாம். தெருவில் விழுந்தால்... அவ்வளவுதான்.

இனி செல்லப்பாவின் மூளையைக் கேளுங்கள். நம் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சி பொழுது சாய்ந்து வெளியே போனால் இடுப்பில் ஓர் ஆணியாவது செருகிக்கொள்வாள், காற்றுக் கறுப்பு அண்டாது என்று. ஒச்சம்மாளும் செருகிக்கொண்டுதான் போவாள். இவன் அதைப் பிடுங்கிக் கூரை எறவாணத்தில் வைத்துவிட்டான்.

"ஒடம்புக்குள்ளயே இரும்ப ஏத்திட்டாக. இனி ஆணி எதுக்குடி, இடுப்பைக் குத்தவா?"

அவளும் சரிதான் என்று நம்பினாள். நாமும் நம்பியிருப்போம்.

அன்றைக்கு ஊசி போட்டு முடிந்ததும் கரண்ட் போயிற்று. சிஸ்டர் மெழுகுவர்த்தி தேடி உள்ளே போனார். பந்த் நாளில் ஹோட்டல் இல்லை, செல்லப்பா பசியோடு வந்து நிற்பானே என்று ஒச்சம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இத்தனை ஊசிக்கு ஒன்றும் ஆகவில்லை, இதற்கு மட்டும் ஆகிவிடுமா என்று எழுந்து நடந்துவிட்டாள்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பாள். பின்னால் சப்... சப்... என்று ஈரச்செருப்புச் சத்தம். இவள் நின்றால் அது நிற்கவில்லை. கூடவே ஒரு மூச்சு... விசில் அடிக்கிற மாதிரி, தொண்டை அடைத்தவர்கள் மூச்சு இழுப்பார்களே, அந்த மாதிரி. சுக்கு வாசனை போய், மழையில் ஊறின துருவின் வாடை வந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை அவள். இடுப்பில் கைவைத்தாள், ஆணி இல்லை. ஊசி குத்தின இடத்தைச் சேலையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, எனக்குள்ளே இரும்பு இருக்கு, கிட்ட வராதே என்று முணுமுணுத்தாள்.

காதோரத்தில் பதில் வந்தது.

"எனக்கும் உண்டு, மோளே."

ஒச்சம்மாள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு எட்டி நடை போட்டாள். அந்தக் குரல் விட்டு விட்டு, மூச்சிழுத்து மூச்சிழுத்துப் பேசியது.

"அந்த சிஸ்டர் போட்டதுதான்... நானும் உட்காராமத்தான் வந்தேன்."

அப்போதுதான் இவளுக்கு உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது. பிறகு உதடு தடித்தது. தொண்டையை யாரோ உள்ளேயிருந்து முடிச்சுப் போடுகிற மாதிரி இறுகியது. குடோன் கதவில் சாய்ந்து அப்படியே சரிந்துவிட்டாள். வயிற்றுப்பிள்ளையை நினைத்து அழக்கூட மூச்சு இல்லை. மணிக்கட்டில் ஒரு கை பிடித்தது, ஐஸ் மாதிரி. குதிகால் கல்லில் உரச உரச யாரோ இழுத்துப்போனது வரைதான் அவளுக்கு ஞாபகம்.

மிச்சத்தை திரேசியா சிஸ்டர் பிற்பாடு அழகரிடம் சொன்னார். மெழுகுவர்த்தி காற்றில் அணைந்து, இருட்டில் நின்றாராம். வாசலில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி பொத்தென்று விழுந்தாள், ஒச்சம்மாள். சிஸ்டர் தடவித் தடவியே மாற்று ஊசியைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மூச்சு வந்தது. உயிர் பிழைத்துவிட்டாள் என்று தெரிந்ததும் சிஸ்டர் கர்த்தாவே என்று உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்திலிருந்து இன்னொரு கை நீண்டது.

"எனக்கும் போடுங்க சிஸ்டர்."

சிஸ்டர் யோசிக்கவில்லை. இவளுக்கும் அதே கோளாறுதான் போல என்று நினைத்து மறுபடி மருந்தை எடுத்துக் குத்திவிட்டார். குத்தின பிறகுதான் தெரிந்தது... அந்தக் கையில் சூடே இல்லை. ஊசி சதையில் இறங்குகிற மாதிரி இல்லை, நனைந்த மண்ணில் இறங்குகிற மாதிரி இருந்தது.

"இனி நான் வீட்டுக்குப் போகட்டா? பிள்ளைக தனிச்சிருக்கு."

குரலை அடையாளம் தெரிந்துவிட்டது சிஸ்டருக்கு. அதற்கு முந்தின மழைக்காலத்தில் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டு, பெஞ்சைவிட்டு எழுந்து போனவள். கடைத்தெருவைத் தாண்டவில்லை. சிஸ்டரே போய்த்தான் அவள் முகத்தைத் துணியால் மூடினார்.

சிஸ்டர் பின்வாசல் பக்கம் நகர்ந்தாராம். ஆனால் பழகின வாய் பாருங்கள், அது பாட்டுக்குப் பேசிவிட்டது.

"அங்கே உட்கார். நான் சொல்றது வரைக்கும் எழுந்திருக்காதே."

இருட்டில் பெஞ்சு கிரீச்சென்றது.

சிஸ்டர் ஒச்சம்மாளைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தவர்தான். அப்புறம் அந்தப் படியை மிதிக்கவே இல்லை. ஒச்சம்மாளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. இப்போது ஏலூரில் சுகமாக இருக்கிறார்கள். சிஸ்டருக்குத்தான் நிம்மதி இல்லை. பெஞ்சில் உட்காரவைத்தவளிடம் போகலாம் என்று சொல்லாமலே ஓடிவந்துவிட்டேனே என்று அழகரிடம் அழுதாராம். சொல்லப் போகவும் தைரியம் இல்லை.

அந்த ஆஸ்பத்திரிக்கு இப்போது வேறு டாக்டர், வேறு நர்ஸ். பெஞ்சு அதேதான். போன மாசம் காய்ச்சலுக்கு நானும் போனேன். நல்ல பகல், ஏகப்பட்ட கூட்டம், நிற்க இடமில்லை. பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்... சுவரோரத்தில் மட்டும் ஓர் ஆள் இடம் விட்டு. ஏன் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி அந்தக் காலி இடத்தையே பார்த்து, "கொஞ்சம் தள்ளி உட்காருங்க அக்கா" என்றாள்.