ஊதா விளக்கில் பச்சை

— மூணாவது மருந்தும் கேக்கலைன்னா அடுத்து என்னதாண்ணா பண்ணுவாங்க?

— மொதல்ல தண்ணி குடி. காலைலேருந்து இந்த ஆஸ்பத்திரிக் கட்டில்கிட்டயே உக்காந்திருக்க.

— தண்ணி கெடக்கட்டும். இப்பத்தான் நடக்கப் பழகினா சிட்டு. கண்ணக்கூடத் தொறக்க மாட்டேங்கறா. கிருமி கிருமின்னு அந்த லேபுலயே கெடக்கறியே, சாதாரண வயித்துப்போக்கு எப்படி ரத்தமாப் போகும்?

— பாரும்மா, இது எல்லார் வயித்துலயும் இருக்கற கிருமிதான். சாது. உனக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு.

— சாதுவா? நல்லா இருக்கு கதை. சாதுதான் என் புள்ளைய இந்தப் பாடு படுத்துதா?

— மாறிக்கும்மா. கொஞ்சமா மருந்து பட்டா நெறைய செத்துரும், நாலு பொழைக்கும். அந்த நாலுக்குப் பொறக்கறதெல்லாம் மருந்துக்கு அசையாது. பக்கத்துல பொல்லாத கிருமி இருந்துச்சுன்னா, விஷம் பண்ற வித்தையையும் அதுகிட்டேருந்து வாங்கிக்கும்.

— கூட இருந்து பாத்த மாதிரி சொல்ற.

— பாத்தேன். நாங்கதான் அப்படி வளத்தோம்.

— எதுக்கு இந்தப் பாழாப்போன வேலை?

— வெளில என்னைக்காவது இப்படி மாறினா, என்ன மருந்து கேக்கும்னு தெரியணுமில்ல. இந்தா, போன்ல இந்தப் படத்தப் பாரு. போன மாசம் லேபுல, கிருமி வளக்கற தட்ட எடுத்தது.

— தட்டு பூரா பச்சையா மின்னுது.

— எங்க கிருமின்னு தெரிய நாங்க வச்ச அடையாளம். ஊதா விளக்குல வச்சா இப்படி மின்னும். வெளில இருக்கற இந்தக் கிருமி இப்படி மின்னாது. இப்ப இதப் பாரு.

— இதுவும் அதேதானே?

— இது இன்னைக்கு எடுத்தது. டாக்டர் சோதிக்கச் சொல்லி சிட்டுவோட மலத்த எங்க லேபுக்கு அனுப்பினாரு. அதுல வளந்தது.

— உங்க லேபுல இருக்கறது என் புள்ள வயித்துக்குள்ள எப்படிடா வந்துச்சு?

— அதான் புரியல. டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அது இன்னும் பழகாத மருந்து ஒண்ணே ஒண்ணு இருக்கு, அதத்தான் இப்ப ஏத்தறாங்க. அவ உடம்பு தாங்கணும்.

— நான் கேட்டதுக்கு பதில் சொல்லு.

— கோட்டு, செருப்பு, கையுறை எல்லாத்தையும் அங்கயே கழட்டிட்டு, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுட்டுத்தான் வருவேன். உன் வீட்டுக்கு வந்தும் மறுபடி கழுவிட்டுத்தான் அவளத் தூக்குவேன். உனக்கே தெரியும்.

— தெரியும். அதனாலதான் உன்ன வையக்கூட வாய் வரல. அந்தப் போன மாசப் படத்துல ஓரமா நீலமா என்னமோ தெரியுதே?

— என் விரல். கையுறையோட தட்டப் புடிச்சிருக்கேன். இன்னொரு கைல...

— ஏன் நிறுத்திட்ட?

— ஒண்ணுமில்ல.

— இரு, இரு. கண்ணத் தொறந்துட்டா. என் தங்கம், மாமா வந்திருக்காரு பாரு. அண்ணா, உன் போனுக்குத்தான் கை நீட்டறா. குடு, எப்பவும் போல வாயில வச்சுக் கடிச்சுட்டுக் கெடக்கட்டும்.