கொழுவாத வயர்

புதுக் கொம்பியூட்டரில் படம் வராவிட்டால் முதலில் மொனிட்டர் வயரைப் பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை பிழை அங்கேதான் இருக்கும். வெள்ளவத்தையில் கடை வைத்துப் பதினொரு வருடம், ஐயா. அனுபவத்தில் சொல்கிறேன்.

இரத்தினசிங்கம் கொண்டுவந்ததில் வயர் சரியாகத்தான் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மனைவி தவமலருடன் கடற்கரைப் பக்கம் ஓர் அனெக்ஸில் வாடகைக்கு இருந்தார். கனடாக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டு வரைபடம் வரையும் வேலை. அதற்காக அவருடைய அண்ணன் பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை அனுப்பியிருந்தார். அதைப் போட்டால் திரை கறுப்பு, வீரிட்டு ஒரு சத்தம். கழற்றி மாட்டினேன். ரேமை அழிறப்பரால் துடைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் மினக்கெட்டு, கார்டு செத்துவிட்டது என்று சொன்னேன். கடையில் நாலு பேர் இருக்கும்போதுதான் சொன்னேன்.

அவர் குனிந்து பார்த்தார்.

“அண்ணை, இதிலை ஒரு வயர் கொழுவேல்லைப் போல கிடக்கு.”

கார்டின் ஓரத்தில் ஆறு ஓட்டைகளுடன் ஒரு சின்ன வாய். பவர் சப்ளையிலிருந்து அதற்குத் தனியாக ஒரு வயர் போகவேண்டுமாம். அதுவரை நான் பார்த்த கார்டு எதற்கும் அது தேவைப்பட்டதில்லை. கொழுவினார், படம் வந்தது. அவர் சிரிக்கக்கூட இல்லை. பக்கத்துக் கடை மக்கீன்தான் சிரித்தார். “தண்டாயுதபாணி முதலாளிக்கே பாடம் எடுத்துட்டாரு” என்று காலி வீதி முழுக்கச் சொல்லித் திரிந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அடுத்த கிழமை இரத்தினசிங்கம் பொலிஸ் பதிவுப் படிவம் நிரப்ப என்னிடம் வந்தார். வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்கள் சிங்களத்தில் படிவம் கொடுக்கவேண்டிய காலம் இது, உங்களுக்குத் தெரியும். நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன், சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. இந்த ஒழுங்கையில் பாதிப் பேருக்கு நான்தான் அடித்துக் கொடுப்பேன். பழைய படிவம் ஒன்றைத் திறந்து, பெயர்களை மாற்றி அடிப்பது வழக்கம். அவருடையதில் பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் சரி. உறவு, வந்த காரணம் என்ற இரண்டு கட்டங்களில் மட்டும் முன்னைய ஆளின் சொற்கள் இருந்துவிட்டன. ‘தற்காலிகமாக வந்திருப்பவர். காரணம் தெரியாது.’ அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. “சரிதானே அண்ணை?” என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று கிழமை கழித்து ஒரு காலையில் பொலிஸார் ஒழுங்கையைச் சுற்றி வளைத்துத் தேடினார்கள். தவமலர் ‘என் கணவர்’ என்கிறாள், படிவம் வேறு சொல்கிறது. அவரை ஏற்றிப்போனார்கள்.

அவள் நேரே என்னிடம்தான் ஓடிவந்தாள்.

“அண்ணை, எழுதினதிலை பிழை விட்டிட்டனெண்டு ஒரு சொல்லு சொல்லிவிடுங்கோ. உங்கட வாயாலை சொன்னா விடுவினம்.”

போனேன். கடையைப் பூட்டிவிட்டுப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அதிகாரி படிவத்தைக் காட்டி, யார் எழுதியது என்று சிங்களத்தில் கேட்டார். நான்தான் என்றேன். அவர்கள் சொன்னதைத்தான் எழுதினேன் என்றும் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். சிங்களம் விளங்காமல் தவமலர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சொல்லிட்டேன் தங்கச்சி. நாளைக்கு விட்டுடுவாங்களாம்.”

அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாள் போனபோது அப்படி ஒருவரைக் கொண்டுவரவே இல்லை என்றார்கள்.

எட்டு மாதமாகிறது. அவள் லொட்ஜ் ஒன்றுக்கு மாறினாள். கொம்பியூட்டரை வைக்க அங்கே இடமில்லை, என் கடையில் இருக்கிறது. ஒருநாள் அந்த வயரைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். கார்டு அன்றுபோலவே கத்தியது. பவர் கிடைக்காவிட்டால் அப்படி வீரிட்டுக் கத்துமாம், அன்று எனக்குத் தெரியாது. இப்போது பிளக்கைப் பிடுங்கித்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் மத்தியானத்தில் கடையில் ஆளில்லாதபோது அந்தச் சத்தம் கேட்கிறது. மக்கீனிடம் கேட்டேன், அவருக்குக் கேட்கவில்லையாம்.

செவ்வாய்க்கிழமைகளில் தவமலர் வருவாள். அவளுக்காக எல்லாக் காரியாலயங்களுக்கும் நான்தான் சிங்களத்தில் கடிதம் எழுதுகிறேன். அவள் வேறு யாரையும் நம்புவதில்லை.

விசாரணைக்கு வந்ததிலிருந்து படிவத்தின் அந்த இரண்டு கட்டங்களைப் பற்றித்தானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். முன்னைய ஆளின் சொற்கள் இல்லை அவை. ‘கணவர். வீட்டு வரைபடம் வரையும் வேலை’ என்று முதலில் சரியாகத்தான் அடித்தேன். அவர் எனக்கு முன்னால் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கப் பார்க்கத்தான் அழித்தேன், மற்றதை அடித்தேன். இந்தமுறை அவரால் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு கிழமை உள்ளே இருப்பார், பிறகு என்னிடம் வந்து கெஞ்சுவார் என்று நினைத்தேன், அவ்வளவுதான். யாராவது வந்து கெஞ்சிக் கேட்டால் எனக்கு மனம் தாங்காது, ஐயா. கட்டாயம் உதவி செய்திருப்பேன்.