கருநீல நூல்

அக்கா: டேய், துணி போட்டுப் பாக்குற அறைக்குள்ள போய்த் திரையை இழுத்துக்கிட்டு என்னடா பண்றே? ஒரு அம்மா கவுனைக் கையில வச்சுக்கிட்டு நின்னு நின்னு பாத்துட்டுப் போயிட்டாங்க.

தம்பி: போகட்டும்.

அக்கா: சரி, கடையில நீயும் நானும்தான். ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க? மூட்டு ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாங்களா?

தம்பி: நூறு கிலோவுக்குக் கீழ வந்தாத்தான் கத்தி வைப்பாங்க. உனக்குத் தெரியாதா?

அக்கா: தெரியும்... அதனால?

தம்பி: நூத்தி ஒன்பது.

அக்கா: நூத்தி ஒன்பதா?

தம்பி: நாலு மாசத்துக்கு முன்னால நூத்தி அஞ்சு. கணக்குப் போட்டுட்டியா?

அக்கா: போட்டுட்டேன். டீ குடிக்கிறியா?

தம்பி: அக்கா! திட்டேன்.

அக்கா: எதுக்கு? போன வருஷம் மாமா விளையாட்டா 'பீப்பாய்'னு ஒரு வார்த்தை சொன்னாரு. நாலு நாள் நீ போர்வையை விட்டு வெளிய வரலை. காலை நடையும் அத்தோட போச்சு. திட்டினா எடை குறையும்னா இந்நேரம் நீ ஒட்டடைக்குச்சி ஆகியிருப்பே.

தம்பி: ஹ்ம்... ஆனா ஒண்ணு புரியலை. நாலு கிலோ ஏறியும் இந்த பேண்ட் ஒரு நாள்கூட இறுக்கலையே, எப்படி?

அக்கா: அது... துவைக்கத் துவைக்கத் துணி விட்டுக் கொடுக்கும்.

தம்பி: ஓஹோ.

அக்கா: ...நான்தான்டா. இஸ்திரிக்கு எடுத்தப்போ எல்லாம் இடுப்புத் தையலைப் பிரிச்சு அரை இஞ்ச் விட்டேன். பட்டன் தெறிச்சா மறுபடியும் போர்வைக்குள்ள போயிடுவியோன்னு பயம். தப்புதான். கோவிச்சுக்கோ.

தம்பி: எத்தனை தடவை?

அக்கா: மூணு.

தம்பி: நாலு.

அக்கா: ...சரி, நாலு. உனக்கு யாரு சொன்னா?

தம்பி: கடைசித் தடவை கண்ணாடி போடாம உக்காந்திருக்கே. கறுப்பு பேண்ட்ல கருநீல நூல்.

அக்கா: ஐயோ! இத்தனை வருஷத் தையல் தொழில்ல... ஏன்டா அன்னைக்கே கேக்கலை?

தம்பி: எப்படிக் கேக்குறது? வாயால ஒரு வார்த்தை சொல்லாம, உக்காந்து பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சிருக்கே. மறுநாள் காலையில செருப்பை மாட்டிக்கிட்டேன். நடையை இன்னும் நிறுத்தலை.

அக்கா: அப்ப அந்த நூத்தி ஒன்பது என்ன ஆகப்போகுது? இந்தப் பக்கம் வந்து சொல்லு. ஏறினது இறங்காதா என்ன? பேரையே பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்களா?

தம்பி: எடுக்கலை. நூத்தி ஒன்பது போன மாசம்க்கா. உன்கிட்ட சொல்லாம தனியாப் போய்ப் பாத்தது. அதை உன் முகத்தைப் பாத்துச் சொல்ல தைரியம் இல்லாமத்தான் முதல்ல திரைக்கு இந்தப் பக்கம் வந்தேன். இன்னைக்கு நூத்தி ஆறு. இப்படியே குறைச்சுக்கிட்டு வாங்க, மூணு மாசத்துல ஆபரேஷன் வச்சுக்கலாம்னாரு டாக்டர். இப்ப வெளிய வர எனக்கும் ஆசைதான்... நீ விட்ட ரெண்டு இஞ்ச்ல பேண்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது. ஊசியை எடுத்துட்டு வா. கண்ணாடி போட்டுக்கிட்டு வா.