துணி போர்த்திய டொஸ்டாடா

மடுல்சீமை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் திடீரென்று வெடித்தாள்: "எங்க வீட்டுல ரொட்டிக்குப் போர்வை போத்துறாங்கக்கா!"

"யாரு?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"எங்க மாமிதான். எங்க வீட்டுக்காரரோட வேல செய்றவங்க சாப்பிட வர்றாங்கன்னு டொஸ்டாடா செஞ்சேன். சோள ரொட்டிய ஓவன்ல வச்சு அப்பளமாட்டம் மொறுமொறுன்னு எடுக்கணும். நல்லாத்தான் வந்துச்சு. குளிச்சிட்டு வந்து பாத்தா, அத்தனையும் சூடோட துணியில சுத்தி டப்பாவுல மூடி வச்சிருக்காங்க. மெத்துன்னு போச்சு!"

"அடக் கடவுளே! வந்தவங்க?"

"மொளகா இடிச்ச கட்ட சம்பல தொட்டுத் தொட்டு எல்லாத்தையும் தின்னுட்டு, ரொட்டி பஞ்சாட்டம் இருக்குன்னு பாராட்டுறாங்க."

"ஒன்னையா?"

"என்னைய எங்க? 'மருமக காய விட்டுட்டா, நான்தான் மூடி வச்சுக் காப்பாத்துனேன்'னு மாமி சொல்றாங்க. அவரும் தலைய ஆட்டுறாருக்கா!"