அலைக்கு ஆள் எடுக்காவ

பயப்படாதிய. ஆட்ட ஒண்ணும் அறுக்கல. அது பாட்டு. மாடியில தேவபிரசாதம் சாரு பாடுதாவ. சனிக்கெழம சாயங்காலம் ஆச்சுன்னா இந்தக் கூத்துதான். அந்த ஸ்டூல்ல கெடக்கிற துணியத் தள்ளி வச்சிட்டு உக்காருங்க. ஊசி கெடக்கும், பாத்து.

என்னது? சண்முகப்ரியாவா? ஓ, பொண்ணு விசாரிக்க வந்தியளா! நான் பிளவுஸ் தைக்கக் குடுக்க வந்தியன்னுல்லா நெனச்சேன். யாருக்குப் பாக்கிய, தம்பிக்கா? தம்பிக்கும் இது ரெண்டாங் கல்யாணந்தான? ம். அந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான், தரகர் சொல்லியிருப்பாரு. அவ ஆபீஸ்ல இருந்து வர இன்னும் நேரமிருக்கு. அவளும் அங்க பாடுதான்னு மாடியில போயி விசாரிக்கவா? ஐயோ, அங்கன போயிராதிய. போனா உங்களயும் பாட வச்சிருவாவ. வெளையாட்டுக்குச் சொல்லல தாயி, நெசமாத்தான்.

வெளிய போர்டு பாத்தியளா, முத்துக்கரை இசை நாடக மன்றம்னு? பேரு பெருசு. உள்ள ஒண்ணும் கெடையாது. தேவபிரசாதம் சாருதான் தலைவரு. ஏதோ ஷிப்பிங் கம்பெனியில கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்த மனுசன். ரிட்டயர்டு ஆனாரா, கையி சும்மா இருக்க மாட்டேங்கு, நாடகம் எழுதுதேன்னு உக்காந்துட்டாரு. அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்டு, அவரே பாடிக் காட்டுவாரு. சுருதி மேக்க போனா அவரு கெழக்க போவாரு. கீபோர்டு வாசிக்கிறவரு ஜீவமணி, ஹார்பர்ல கிரேன் ஓட்டுதாரு. அவருக்கு ஷிப்டு மாறிட்டுன்னு வைங்க, அன்னைக்கி மியூசிக் கெடையாது. எல்லாரும் வாயாலயே டொய்ங் டொய்ங்குன்னு சொல்லிக்கிட்டு நிப்பாவ. வெக்கமே கெடையாது.

அப்புறம் கதாநாயகன் இருக்காரே, அற்புதமணி அண்ணாச்சி. மக்ரூன் கடை வச்சிருக்காவ. நல்ல மக்ரூன், வாயில போட்டா முந்திரியும் சீனியுமாக் கரையும், இல்லேங்கல. ஆனா வேசம் என்ன தெரியுமா? முத்துக்குளிக்கிற எளவட்டப் பையன். ராசா மக அவன் மேல ஆசப்பட்டுக் கட்டிக்கிடுதாளாம், அதான் கத. அண்ணாச்சி கடலுக்குள்ள முங்குனா தண்ணி பீச் ரோடு வரைக்கும் ஏறி வந்துரும். அவரு இடுப்பு அளவு எனக்குல்லா தெரியும், வருசா வருசம் பிரிச்சித் தைக்கிறது நான்தான.

நல்லாச் சிரிக்கிய. சிரிங்க, சிரிங்க.

கூட்டம்னு ஒண்ணு போடுவாவ பாருங்க, மைக்கெல்லாம் வச்சி. என்ன பேசுவாவ? வடைக்குச் சட்னி வேணுமா, சாம்பார் வேணுமா. அதுல ரெண்டு கட்சி. ரெண்டு கட்சியும் முறைச்சிக்கிட்டு, பாட்டுப் பாடும்போது ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்காமப் பாடுவாவ. ஆறு மணிக்கு வாங்கன்னு சொன்னா ஏழு மணிக்குச் செருப்புச் சத்தம் கேக்கும். வசனம் ஒருத்தருக்கும் பாடம் ஆகாது. போன கிறிஸ்மசுக்கு ராசா வேசக்காரரு மறந்து போயி, மேடையிலயே நின்னுக்கிட்டு, அடுத்து என்ன சாருன்னு கேட்டாரு. சாரு ஒளிஞ்சிருந்த எடத்துல இருந்து வெளிய வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போறாரு. சனம் அதுக்குத்தான் நல்லாக் கைதட்டுச்சி.

யாரு வேணாலும் சேரலாமான்னா கேக்கிய? அதான தாயி அங்க பெரிய கூத்து! அவங்களுக்குன்னு ஒரு சட்டம் இருக்கு. மொத மொத வாசப்படியத் தாண்டி வாரவுக யாரா இருந்தாலும் நடுவுல நின்னு ஒரு வரி பாடணும். பால்காரன் வந்தாலும் சரி, கரண்டு மீட்டர் பாக்க வந்தாலும் சரி. பாடி முடிச்ச ஒடனே அத்தன பேரும் கைதட்டுவாவ. எப்படிப் பாடுனாலும் தட்டுவாவ. வந்தவன் மூஞ்சியப் பாக்கணும் அப்ப. பொறந்ததுல இருந்து ஒருத்தரும் கைதட்டாத மூஞ்சியாட்டு இருக்கும். பொறவு டீயக் குடுத்து, நீங்களும் எங்க ஆளுன்னு சொல்லிருவாவ. ஆளு வேண்டாம்னு சொன்ன சரித்திரமே கெடையாது. பாட வந்தா வேசம். பாட வராதவுக எல்லாம் அலை.

அலைதான், கடல் அலை. நீலத் துணிய நீட்டமா ஆளுக்கொரு எடத்துலப் புடிச்சிக்கிட்டு மேலயும் கீழயும் ஆட்டணும். பிளவுசுக்கு வைக்கிற லைனிங் துணிதான், நான்தான் மூட்டிக் குடுத்தேன். பேங்கு மேனேஜர் ஒருத்தரு அலை. ஒரு பெரிய டாக்டரு வீட்டம்மா அலை. ஆளு சேரச் சேர அலை கூடிக்கிட்டே போகுது. இப்பல்லாம் மேடையில கடல்தான் இருக்கு, கதைக்கு எடமில்ல. நான் வாசப்படியத் தாண்டவே மாட்டேன் தாயி. துணியப் படியில நின்னு நீட்டிட்டு எறங்கிருவேன்.

இந்தக் கோஷ்டியில அந்தப் பிள்ள எப்படிப் போயிச் சேந்தாளா? சொல்லுதேன்.

அவ மொதல்ல இங்கனதான் இருந்தா, எங்கூட. ஓரம் அடிக்க, பட்டன் வைக்க. ஷிப்பிங் ஆபீஸ் வேலையெல்லாம் பொறவு கெடச்சது. புருசன் போயிட்டான்லா, ஹார்பர் ரோட்டுல. பைக்குல வேலைக்குப் போனவன், கன்டெய்னர் ஏத்துன டிரெய்லர் ஒண்ணு… சரி, அத விடுங்க. அதுக்குப் பொறவு அந்தப் பிள்ள அழல. அழுதிருந்தா நல்லாருந்திருக்கும். வாயே தொறக்கல. சாப்பிடுதியாளான்னா தலைய ஆட்டும். வேண்டாமான்னா அதுக்கும் தலைய ஆட்டும். டாக்டர்ட்ட காட்டியாச்சு, திருச்செந்தூரு கூட்டிக்கிட்டுப் போயாச்சு. துணியக் குடுத்தாத் தைக்கும். அந்தா, அந்த ரெண்டாவது மிசின்ல குனிஞ்ச தல நிமிராம உக்காந்து கெடக்கும். பேசாத ஒரு ஆளப் பக்கத்துல வச்சிக்கிட்டு நாளெல்லாம் இருந்து பாத்திருக்கியளா? மிசினு சத்தம் நின்னா பயமா இருக்கும் தாயி. அதனால நான் தேவையில்லாமலும் மிதிச்சிக்கிட்டு இருப்பேன்.

ஒரு நா எனக்கு முட்டு வலி. ராசா வேசத்துச் சட்டையெல்லாம் கட்டி அவ கையில குடுத்து, மேல குடுத்துட்டு வான்னு அனுப்பிட்டேன். இந்தச் சட்டம் எழவு எனக்கு அந்நேரம் ஞாபகம் இல்ல. அவ படியில நிக்காம நேரா உள்ள போயிட்டா. விட்டாவளா? புது ஆளு வந்துட்டுன்னு சுத்தி நின்னுக்கிட்டாவ. அவளப் பத்தி ஒண்ணுந் தெரியாது பாருங்க அந்தக் கூறுகெட்ட கூட்டத்துக்கு. ஒரு வரி பாடும்மாங்காவ. இவ நிக்கா. சும்மா பாடும்மா, வெக்கப்படாதங்காவ. இவ மூட்டையக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நின்னாளாம். நான் கீழ கேட்டுக்கிட்டு இருக்கேன். முட்டு வலியில ஏற முடியல. அப்ப தேவபிரசாதம் சாரு, சரிம்மா, நான் எடுத்துக் குடுக்கேன், எங்கூடப் பாடுன்னு சொல்லிட்டு ராசா மக பாட்ட ஆரம்பிச்சாரு.

என்னத்தச் சொல்ல. அந்த மாதிரி ஒரு பாட்டக் கேட்டிருக்க மாட்டிய. அன்னைக்கி இருந்த இருப்புல கெழக்கயும் மேக்கயும் இல்ல, நேரா வானத்துக்குப் போனாரு. கூட இருந்தவுகளும் பின்னாலயே போனாவ. கொஞ்ச நேரம் கழிச்சி ஒரு பொம்பளக் கொரல் கேக்குது. சார், அப்படி இல்ல சார்.

அவதான்.

சார், அப்படி இல்ல சார், அந்த எடத்துல எறங்கணும்னு சொல்லிட்டு, எப்படி எறங்கணும்னு பாடியே காட்டுதா. அத்தன மாசம் கழிச்சி வாயத் தொறந்தது அதுக்குத்தான். அந்த ஆளு ஒழுங்காப் பாடியிருந்தாருன்னா அவ மூட்டைய வச்சிட்டு எறங்கி வந்திருப்பா. நான் மிசின் மேல தலைய வச்சிக்கிட்டேன். அதுக்கு மேல கேட்டியன்னா எனக்குத் தெரியாது.

நீங்க டீ குடிங்க, ஆறுது.

ஆமா, ஊரு பேசத்தான் செஞ்சது. புருசன் செத்து வருசம் திரும்பல, மொகத்துல பவுடரு, தலையில ராசா மக கிரீடம்னு. அவ அண்ணன் பாண்டியராஜ் இருக்கான்லா, நீங்க போன்ல பேசுனது அவங்கிட்டத்தான? ஏரல் பக்கம் வாழ போட்டிருக்கான். எவனோ போயி ஓதிட்டான். காய் ஏத்திக்கிட்டு வந்த வண்டிய ரோட்டுலயே நிறுத்திட்டு, எவம்லே என் தங்கச்சிய ஆட விட்டதுன்னு செருப்போட மாடிக்கு ஏறிட்டான். நான் கையில கத்திரியோட பின்னாலயே ஓடுதேன். மேல அத்தன பேரும் துணிய விட்டுட்டுச் சொவரோரம் ஒதுங்கிட்டாவ. அற்புதமணி அண்ணாச்சிக்குத் தலையில ஜிகினா ஒட்டுன தொப்பி, அது நடுங்குது. சாரு முன்னால வந்தாரு. வந்து என்ன சொன்னாரு தெரியுமா? தம்பி, நீங்க மொத மொதல்ல வாரிய, இங்க ஒரு சட்டம் இருக்கு, ஒரு வரி பாடிட்டுப் பொறவு அடிங்க.

சத்தியமாத்தான். அவன் கைய ஓங்குனவன் அப்படியே நிக்கான். இவ அங்கயிருந்து, பாடுண்ணேங்கா. சிரிச்சிக்கிட்டே சொல்லுதா. அவன் அவளப் பாக்கான். மாசா மாசம் வந்து, என்னளா, எப்படியிருக்கன்னு கேட்டுட்டு, பதிலே வாங்காமப் போனவன்தான அவன்? ஏதோ கோயில் கொடையில பாடுற பாட்டுல பாதி வரிதான் பாடுனான். பாதியிலேயே சவத்துப்பய அழுதுட்டான். அதுக்கும் கைதட்டுனாவ. இப்ப அவன் வாழக்காய் லோடு கொண்டு வார சனிக்கெழமையெல்லாம் மேலதான் நிக்கான். அலை.

அத விடுங்க, என்ன கேட்டிய? எத்தன மணிக்கு வீட்டுக்குப் போவாளா? ஒம்போது ஆகும். பஸ்ஸு இருக்கு மாப்பிள்ளையூரணிக்கு. தனியாத்தான் போவா. ஆம்பளைங்க கூட நின்னுதான் பாடுவா, பின்ன மக்ரூன் கடக்காரரு தனியாவா காதலிக்க முடியும்? இல்ல தாயி, தப்பா ஒண்ணுங் கெடையாது. அந்த மனுசனுக்கு மூச்சு வாங்கவே நேரம் சரியாப் போயிரும்.

கல்யாணத்துக்குப் பொறவு இதெல்லாம் நிப்பாட்டிரணும்னு தம்பி சொல்லுதாரா? நீங்களும் அதத்தான் நெனைக்கியளா. நல்ல குடும்பம், நாலு பேரு பாப்பாவ. ம். கடைசில எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ. அவரு மட்டும் சினிமாவெல்லாம் பாப்பாரோ? பாப்பாரு. சரி.

மாமியாவா? நல்லவள்னு ஒருத்தரும் சொன்னதில்ல. வாயி ஜாஸ்தி. பெத்த மவன் செத்தும் மருமவளப் பொறந்த வீட்டுக்கு அனுப்பாம வச்சிருக்கான்னு ஏசுதாவ. அவதான் தரகர்ட்ட சொல்லி வச்சிருக்கான்னும் சொல்லுதாவ. மருமவளுக்கு மாப்பிள்ள தேடுத மாமியாள எங்கயாச்சும் பாத்திருக்கியளா? அதான் ஆச்சரியமாப் பேசுதாவ.

இப்பவே போயி அவளப் பாக்கணுமா? மாப்பிள்ளையூரணிக்கா? அவ்வளவு தூரம் எதுக்குப் போறிய, வீடு பூட்டில்லா கெடக்கும். சாவி இந்தா, என் இடுப்புல இருக்கு.

உக்காருங்க, உக்காருங்க. எதுக்கு எந்திரிக்கிய? ஆமா, மாமியா பேரு பிச்சம்மான்னு தரகன் சொல்லியிருப்பான், அது நான்தான். அவ புருசன் சுடலைக்கண்ணன் எம் மவன். ஒரே மவன். நான் பொய் ஒண்ணும் சொல்லல தாயி. மேல இருக்கிறவுகளப் பத்திச் சொன்னது பூராம் நெசம். உருப்படியா ஒரு ஆளு கெடையாது அங்க. நான் தெனமும் ஏசுவேன், அவுக முன்னாலயே ஏசுவேன். என் வீட்டுல உசுரு திரும்பி வந்தது அந்தக் கூறுகெட்ட கூட்டத்தாலதான், அதனால ஏசுததுக்கு எனக்கு உரிம இருக்கு.

நீங்க வந்து எவ்வளவு நேரமாச்சு? எல்லாம் கேட்டிய. எத்தன மணிக்கு வாரா, யாரு கூட நிக்கா, பவுடரு போடுதாளா, மாமியா எப்படி. கேக்கணும், கேக்கத்தான் வந்தது, தப்பில்ல. அவ பேசாமக் கெடந்தா, ஒரு பாட்டுல வாயத் தொறந்தான்னு சொன்னேன். அப்பவாச்சும் கேப்பியன்னு பாத்தேன். எப்படிம்மா பாடுவா, நல்லாப் பாடுவாளான்னு ஒரு வார்த்த. டீய ஊதிக் குடிச்சிட்டு, எத்தன மணிக்கு வீட்டுக்குப் போவான்னு கேட்டிய.

கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. உங்க தம்பி நல்ல மாதிரியாத்தான் இருப்பாரு, அவருக்கு நல்ல எடமா அமையும். அவகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். பாவம், காலையில கெளம்பும்போது, இன்னைக்கி யாரும் வாராகளா அத்தேன்னு கேட்டுட்டுத்தான் போனா. வந்தாவ, எனக்குப் புடிக்கலன்னு சொல்லிருவேன். அவுகளுக்கு என்னப் புடிக்கலயேன்னு அவ மனசுல இருக்க வேண்டாம் பாருங்க.